பைக் ஓட்டும்போது ஸ்மார்ட்வாட்ச் அதிர்வது ஏன் தெரிவதில்லை?

தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பைக்கில் வேலைக்குப் போகிறீர்கள். வீட்டில் நன்றாகத் தெரிகிற அதிர்வு வண்டியில் தெரியாமல் அம்மாவின் அழைப்பு தவறிப்போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் இது வாட்சின் பழுது இல்லை. தோலுக்குள் ஆழத்தில் பசினியன் என்ற உணர்முனைகள் இருக்கின்றன. நொடிக்கு 200 முதல் 300 தடவை துடிக்கிற அதிர்வை அவை மிக நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதிர்வு நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் மந்தமாகிவிடும். இஞ்சின் 6000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடினால், நொடிக்கு 100 சுற்று. அந்த நடுக்கம் ஹேண்டில்பார் வழியாக மணிக்கட்டு வரை ஏறுகிறது. வாட்சின் சின்னத் துடிப்பு அதற்குள் அமுங்கிவிடுகிறது. அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் இஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும்போது வருகிற அழைப்பு மட்டும் பளிச்சென்று தெரிகிறதா, பாருங்கள்.

வாட்சுக்குள் அதிர்வைத் தருகிற மோட்டாரும் முக்கியம். விலை குறைந்த ஃபிட்னஸ் பேண்டுகளில் பெரும்பாலும் ஒருபக்கம் எடை வைத்த சுழல் மோட்டார்தான். அது வேகம் பிடிக்கவும் நிற்கவும் நேரம் எடுப்பதால் 'டக் டக்' என்பது 'உர்ர்' என்று குழைந்துவிடும். 2015இல் வந்த ஆப்பிள் வாட்ச் போன்றவற்றில் எடை முன்னும் பின்னும் ஓடும். விரலால் தட்டியதுபோலவே இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலோடு ஒட்டும்படி ஸ்ட்ராப்பை இறுக்குங்கள். வாட்ஸ்அப் குரூப், ஆஃபர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அழைப்புக்கு மட்டும் நீளமான அதிர்வை வையுங்கள். இதைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன். அப்புறம், அதிர்வு தெரிந்தாலும் ஓரமாக நிறுத்திவிட்டே பாருங்கள்.