மைனர் வாங்கப் போய்…

கே: மொசார்ட்டின் 'மைனர் பியானோ கான்செர்ட்டோக்கள்' என்று ஒரு சிடி வாங்கினேன். அவர் பியானோ கான்செர்ட்டோக்களுக்கு 27 வரை எண் போட்டிருக்கிறார்கள், இந்த சிடியில் இரண்டுதான் இருக்கிறது. மைனர் என்றால் சின்னது என்று நினைத்தேன், ஒரு மணி நேரம் ஓடுகிறது. மிச்சம் எங்கே?

ப: மைனர் என்பது ஸ்கேல், அதாவது கொஞ்சம் இருட்டான ஸ்வர வரிசை; வெளிச்சமானது மேஜர். அளவும் இல்லை, கழுத்தில் செயின் போட்ட மைனரும் இல்லை. பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் மூன்று பகுதி இசைதான் பியானோ கான்செர்ட்டோ. அவற்றில் அவர் மைனரில் எழுதியதே இரண்டுதான்: 1785-இல் 20ஆம் எண், டி மைனர், 1786-இல் 24ஆம் எண், சி மைனர். ஆளுக்கு அரை மணி நேரம். முழுசாகத்தான் கொடுத்திருக்கிறார்கள், போய்க் கேளுங்கள்.

கே: 20ஆம் எண்ணுக்கு என்னிடம் இரண்டு பதிவுகள். முதல் பகுதி முடியும் இடத்தில் பியானோ தனியாக வாசிப்பது இரண்டிலும் வேறு வேறு. ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடவா?

ப: வேண்டாம். அது கடென்ஸா. இந்தக் கான்செர்ட்டோவுக்கு மொசார்ட் எழுதிய கடென்ஸா கிடைக்கவில்லை. பீத்தோவன் எழுதியதைப் பலர் வாசிப்பார்கள், சிலர் சொந்தமாகச் செய்துகொள்வார்கள். கல்பனாஸ்வரம் ஆளுக்கு ஆள் மாறினால் கச்சேரி டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கிறோமா?

கே: கிளாரா ஹாஸ்கில் பியானோ வாசித்து மார்க்கெவிச் இசைக்குழுவை நடத்திய, மொசார்ட்டின் 20, 24 அடங்கிய இசைத்தட்டை ஒரு விற்பனைத் தளத்தில் 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். 'புதுசு மாதிரி' என்று போட்டிருந்தது. வந்தது வளைந்திருக்கிறது, ஊசி ஒரே இடத்தில் குதிக்கிறது. 'பழைய தட்டு அப்படித்தான்' என்கிறார் விற்றவர்.

ப: வயிறு எரிகிறது. 1960 நவம்பரில் பதிவானது அது; அடுத்த மாதமே பிரஸ்ஸல்ஸ் ரயில் நிலையப் படியில் விழுந்து ஹாஸ்கில் இறந்துபோனார். அதைத் தேடி வாங்குகிறவரிடமா இந்த வேலை? விடாதீர்கள். வளைவைப் படம் எடுங்கள். விளக்கடியில் தட்டைச் சாய்த்து, ஊசி குதிக்கும் இடத்தில் கீறல் இருந்தால் அதையும் எடுங்கள். நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் அது தூசி இல்லை. ஊசி குதிப்பதை வீடியோ எடுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது என்கின்றன 2020 மின்வணிக விதிகள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் வரவேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு. வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

கே: 'மைனரில் மனதை உருக்கும் பியானோ' என்று அழகான அட்டை பார்த்து வாங்கினேன். எல்லாமே மெதுவான நடுப்பகுதிகள், அதுவும் பாதியில் மங்கி மறைகின்றன. புகார் செய்யலாமா?

ப: பின்னட்டையைப் படித்தீர்களா? இல்லை. பிறகு என்ன புகார்? ஆனால் உங்களுக்கே தெரியாமல் உங்களுக்கு நடந்திருக்கிற வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். மொசார்ட்டின் டி மைனரில் நடுப்பகுதி பி ஃபிளாட் மேஜர். சி மைனரில் இ ஃபிளாட் மேஜர். பீத்தோவனின் மூன்றாவது கான்செர்ட்டோ சி மைனர். நடுவில் இ மேஜர். ஏ மைனரில் எழுதிய ஷூமன் எஃப் மேஜருக்குப் போகிறார், கிரீக் டி ஃபிளாட் மேஜருக்கு. மைனர் என்று காசு வாங்கி மேஜரை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்! இருட்டிலிருந்து வந்தால்தான் அந்த வெளிச்சத்துக்கு மதிப்பு. முன்னும் பின்னும் நறுக்கிவிட்டால் அது லிஃப்டில் ஓடுகிற இசை. இந்த மாதிரித் தொகுப்புகளில் வாசித்தவர் பெயர் ஒரு மூலையில் எறும்பு சைசில் இருக்கும், பதிவான வருஷம் இருக்கவே இருக்காது. நானும் யோக்கியன் இல்லை. 'ஸ்டீரியோ' என்ற பெரிய எழுத்தை நம்பி ஒரு பெட்டியே வாங்கினேன். உள்ளே இருந்தது, ஒரே தடத்தில் பதிவான பழைய மோனோவை எலக்ட்ரானிக் வித்தையில் இரண்டாகப் பிரித்தது. பியானோவைக் கிணற்றுக்குள் இறக்கி வாசித்த மாதிரி இருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் அதைச் சொல்லியும் இருந்தார்கள். நான் படித்தது வீட்டுக்கு வந்த பிறகு.

கே: என்னிடம் இருக்கும் அதே பதிவு ஒலியைச் சீர்செய்த 'ரீமாஸ்டர்' என்று மறுபடி வந்திருக்கிறது. வாங்கலாமா?

ப: இருப்பதை எத்தனை தடவை கேட்டீர்கள்?