அப்பாயியின் சுருக்குப் பையை என்ன செய்வது?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் உங்கள் அப்பாவின் சட்டைப் பையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பேனா, லேஞ்சி (கைக்குட்டை), பேனாக்கத்தி, டோர்ச் என்று அவர் நாளும் சுமந்த சாமான்களையும், மலையில் கொழுந்து எடுக்கிறபோது பத்து மணிக்குக் குடிக்கும் சாயத்தண்ணியையும் ஆசையாக எழுதியிருந்தீர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து நண்பர்களுக்கு அனுப்பிவைத்தேன்.

ஒருவன் உடனே கேட்டான்: "இதெல்லாம் இப்ப போன்லயே இருக்கே, பேனாவும் டோர்ச்சும் எதுக்கு?" எனக்கு வேறொரு சந்தேகம். கையில் காசில்லாதவர்கள் வைத்திருந்த சில்லறைச் சாமான்களையும், பால் வாங்க வழியில்லாமல் குடித்த தேத்தண்ணியையும் அழகு என்று எழுதினால், எங்கள் கஷ்டத்தையே அழகு என்று சொன்னதாக ஆகாதா? கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. போன வருசம் என் அப்பாயி தவறிவிட்டார். அவருடைய சுருக்குப் பை என்னிடம் இருக்கிறது. உள்ளே ஒரு பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா, ஒரு சின்னச் சாவி. எறிய மனம் வரவில்லை. வைத்திருக்கவும் காரணம் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

கோபமெல்லாம் இல்லை. அந்தக் கட்டுரையில் எனக்கே கொஞ்சம் சீனி கூடிப்போய்விட்டது. அனுப்பிய பிறகு படித்துப் பார்த்தபோது, அப்பா மழையில் நனைந்துகொண்டு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடியதெல்லாம் மறைந்து, அவருடைய பேனா மட்டும் மினுங்கிக்கொண்டு நின்றது. உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

உங்கள் நண்பரின் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். போன் நல்ல சாமான். நானும் வைத்திருக்கிறேன், இந்தப் பதிலை அதில்தான் தட்டுகிறேன். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டை வெட்டினார்களே, அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மூன்று போன்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடின. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. கடைசியில் அலுமாரிக்குள் கிடந்த அப்பாவின் இரண்டு பெற்றரி டோர்ச்சைத் தட்டித் தட்டித்தான் சமையல் நடந்தது. தட்டினால் எரிகிற சாமான் அது. போனைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் நண்பரை. சரி, இது விளையாட்டுக்கு. ஒரு சாமான் ஒரு வேலையை மட்டும் செய்தால், அது கெட்டுப்போகும்போது அந்த ஒரு வேலைதான் நிற்கும். எல்லா வேலையையும் ஒன்றிடம் கொடுத்தால் எல்லாம் ஒன்றாக நின்றுபோகும். இதற்கு மேல் அந்தக் கேள்வியில் பெரிதாக எதுவும் இல்லை.

உங்கள் கேள்விதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

நம் ஆட்கள் உடம்பில் எதையெதைச் சுமந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1900களின் தொடக்கத்தில் தகர டிக்கெட் என்று ஒன்று இருந்தது. இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வருகிறவரின் கழுத்தில், போகவேண்டிய தோட்டத்தின் எண் அடித்த தகர வில்லையைக் கட்டி அனுப்பினார்கள். குளிருக்குக் கறுப்புக் கம்பளி கொடுத்தார்கள், அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். அப்புறம் 'துண்டு'. தோளில் போடும் துண்டைச் சொல்லவில்லை. ஆட்களைக் கூட்டிவந்த இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, கட்டினால் விடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கும் துண்டு என்றுதான் பெயர். அதைக் காட்டித்தான் ஆட்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கை மாறினார்கள். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். தோளில் கிடந்த துண்டு மட்டும் மிஞ்சியது. வியர்வை துடைக்க, தலைப்பாகை கட்ட, பிள்ளையைத் தூங்கவைக்க, மழை வந்தால் தலையில் போட, துக்க வீட்டில் வாயைப் பொத்த. ஒரே பெயரில் இரண்டு சாமான்கள், ஒன்று துரையுடையது, மற்றது நம்முடையது. அந்தக் கட்டுரையில் இந்த வித்தியாசத்தை நான் எழுதாமல் விட்டுவிட்டேன்.

என் அப்பாயி கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்கு, முதுகில் கூடை, கையில் செடி மட்டம் பார்க்கும் கம்பு. மூன்றும் தோட்ட வேலைக்கானவை. சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடைப் பாரம் என்று ஒரு கிலோ, இலை ஈரம் என்று ஒரு கிலோ, கழித்துக்கொண்டே போவார்கள். ஒரு நாள் சம்பளக் கணக்கான 'பேருக்கு' வேண்டிய அளவு தேறாவிட்டால் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம். ஆனால் படங்குக்கும் சேலைக்கும் நடுவே செருகியிருந்த சுருக்குப் பையை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. கணக்கப்பிள்ளையின் செக்ரோல் என்கிற பதிவேட்டில் அதற்கு இடமே கிடையாது. விடிகாலை ஐந்து மணியிலிருந்து இருட்டும் வரை அப்பாயியின் உடம்பில், தன் ஆசைக்கென்று அவரே தூக்கிக்கொண்டு போனது அந்தப் பை ஒன்றுதான். வெற்றிலை, பாக்கு, இரண்டு ஊக்கு, முடிச்சுப் போட்ட சில்லறை, சில நாட்களில் எனக்கென்று ஒரு டொபி. லேசான பைதான். ஆனால் கை அடிக்கடி போய் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும்.

வறுமையில்லாத ஒருவருக்கும் அப்படித் தொட்டுப் பார்க்க ஏதோ ஒன்று வேண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

வெற்றிலையை நான் புகழமாட்டேன். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே சொல்லிவிட்டது. புகையிலை சேராவிட்டாலும் அப்படித்தான். வாயில் புண் வந்து பேச முடியாமல் போனவர்களை நம் லயங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆகவே அந்தப் பாக்குவெட்டியை அதன் பழைய வேலைக்கு எடுக்காதீர்கள்.

சுண்ணாம்பு டப்பா வேறு. அதற்கு வெற்றிலை பாதி வேலைதான், மீதி வேலை இரத்தம் குடிக்கிற அட்டைக்கு. மஸ்கெலியாவில் பிறந்தவருக்கு அட்டையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வத்தளைக்குப் போய் எத்தனை வருசம் ஆயிற்றோ, மறந்திருக்கலாம். மழை விட்ட மறுநாள் புல்லுக்குள் கால் வைத்தால் விரலிடுக்கில் நூல் மாதிரி ஏறும். குடித்து முடித்துக் குண்டாகி அதுவே விழுந்துபோகும். அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் வைக்கிற சரக்கு இருப்பதால், விழுந்த பிறகும் கால் வழியாக வடிந்துகொண்டே இருக்கும். உப்பு, சவர்க்காரம், சுண்ணாம்பு மூன்றும் அதன் ஈரத் தோலுக்கு ஆகாது. கொழுந்துக்குப் போகிற பெண்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு இறங்குவார்கள். மழையில் அது கரைந்து போனபின் அப்பாயியின் டப்பாவுக்குத்தான் அழைப்பு வரும். "ஏய் ஆயா, சுண்ணாம்பு கொண்டா!" என்று நாலு நிரைக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்கள். ஒரு விரல் நுனி தொட்டு வைத்தால் போதும். அட்டை சுருண்டு விழும். (கடித்துக்கொண்டிருக்கும் அட்டையில் எதையும் பூசாமல், நகத்தை வாய்ப் பக்கம் கொடுத்து நெம்பி எடுப்பதே நல்லது என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். நகத்தால் எடுத்துப் பார்த்தேன், அதுவும் சரிதான். ஆனால் இரண்டு கையும் கொழுந்தில் இருக்கிறவருக்கு நகத்தை நினைக்க நேரம் ஏது?)

நம் ஊரில் இன்னொரு அட்டையும் உண்டு. அது காலில் ஏறாது, சட்டைப் பையில் இருக்கும். இல்லாவிட்டால்தான் கடிக்கும். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நம் ஆட்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1972 முதல் நாட்டில் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியபோது நம் லயங்களில் பலருக்கு அதைக் கேட்கவே உரிமை இல்லை. யுத்த காலத்தில் கொழும்பில் வேலைக்குப் போன என் சின்னத்தான், அட்டை இல்லாமல் ஒரு சோதனைச் சாவடியில் பிடிபட்டு மூன்று நாள் உள்ளே இருந்தார். மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

இங்கேதான் அப்பாவின் பேனா வருகிறது. அந்தக் கட்டுரையில் நான் அதை அலங்காரமாக எழுதிவிட்டேன், உண்மையில் அது அலங்காரம் இல்லை. அப்பா தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவர் பெரிதாக எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டையில் பேனா இல்லாமல் லயத்தை விட்டு இறங்கமாட்டார். டவுனில் அரசாங்கக் கந்தோர்க் கவுண்டரில் போய் நின்றால், "பேனா கொண்டு வரத் தெரியாதா?" என்று ஒரு குரல் வரும், அதுவும் நமக்குப் புரியாத பாஷையில். பின்னால் நிற்பவரிடம் கையேந்த வேண்டும். அந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் பேனா வைத்திருந்தார். ஆட்களெல்லாம் விண்ணப்பப் பாரம் நிரப்பப் போன காலங்களில், வரிசையில் அந்த ஒரு பேனா கை மாறிக் கை மாறி ஓடும். மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வார், பேனா திரும்பி வந்தாக வேண்டுமே. போன வாரம் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒரு வயதான அம்மா என்னிடம் பேனா கேட்டார். கொடுத்தேன். மூடி என் கையிலேயே இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

சாயத்தண்ணி விசயத்துக்கு வருகிறேன். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. நம் மலையில் எடுக்கிற நல்ல தூள் அந்த வழியாக உலகமெல்லாம் போகிறது. நமக்கு மாதத்துக்கு ஒரு பொட்டலம் தோட்டத் தூள். அதில் போட்ட சாயத்தண்ணியை ஒரு பழைய போத்தலில் ஊற்றி, காக் கழன்றால் துணியைச் சுருட்டி அடைத்து, கூடைக்குள் படுக்கவைத்து மலைக்குக் கொண்டுபோவார்கள். பத்து மணிக்கு நிரைக்கு ஓரமாக உட்கார்ந்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து, நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடிப்பார்கள். கூடவே ரொட்டியும் கட்டச்சம்பலும். ஆறிப்போன தேத்தண்ணிதான். ஆனால் அந்த ருசி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை, பால் வாங்க வழியிருக்கிற இந்த வயதிலும்.

இந்த ருசியைப் பற்றி எழுதலாமா கூடாதா என்பதுதானே கேள்வி. நம்மை ஆள வருகிறவர்கள் அதைப் பற்றிப் பேசினால் நானும் உங்களோடு சேர்ந்து கோபப்படுவேன். நாளைக்கு ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று எத்தனை வருசம் ரோட்டில் நின்றோம், 2021இல்தான் கிடைத்தது. அப்போதும் "தோட்ட ஆட்கள் கொஞ்சத்தில் சந்தோசப்படுகிறவர்கள்" என்று ஒருவர் மேடையில் பேசியது என் காதில் விழுந்தது. கொஞ்சத்தில் சந்தோசப்பட்டது உண்மை. கொஞ்சம் போதும் என்று எவரும் சொல்லவில்லை. அப்பாயியிடம் யாராவது கேட்டிருந்தால், சீனியை இன்னும் ஒரு கரண்டி கேட்டிருப்பார், அப்புறம் ஒரு கப் பாலும். ஆனால் அந்தப் பத்து மணியின் கால்மணி நேரத்தை, கால் நீட்டி உட்கார்ந்து பக்கத்து நிரைக்காரியோடு ஊர்க் கதை பேசியதை, அது கஷ்ட காலத்தில் நடந்தது என்பதற்காகவே எழுதாமல் விட்டால், அவரிடமிருந்து இன்னும் ஒரு கிலோ கழித்த கணக்காகிவிடும். கஷ்டத்தை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். அவர் சிரித்ததை எழுத நான்தான் இருக்கிறேன்.

சரி, உங்கள் பைக்கு வருவோம்.

பாக்குவெட்டியின் மூட்டில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள், துரு இளகும். பொட்டலம் வெட்ட, கயிறு அறுக்க, கொட்டைப் பருப்பு உடைக்க நன்றாக உதவும். என் மனைவி கருப்பட்டி உடைக்கிறாள். சுண்ணாம்பு டப்பாவை நன்றாகக் கழுவி உப்புப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சீசனில் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறும்போது கூட வரும் கொழும்பு நண்பர்களிடம் அதை எடுத்துக் காட்டுங்கள். மழை பெய்திருந்தால் உங்களுக்கு அன்று பெரிய மரியாதை கிடைக்கும். பையைத் துவைக்காதீர்கள், அந்த வாசனை ஒருமுறை போனால் வராது.

சாவியைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். அவ்வளவு சின்னச் சாவி என்றால் அநேகமாகத் தகரப் பெட்டிப் பூட்டுக்குரியதாக இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. 1964இல் நம் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்களே, அந்தக் கணக்கில் என் பெரிய அத்தையும் போனார். தலைமன்னாரில் கப்பல் ஏறுகிற அவசரத்தில், தன் பெட்டியின் இன்னொரு சாவியை அப்பாயியின் கையில் கொடுத்துவிட்டார், தொலைந்தால் இருக்கட்டும் என்று. பெட்டி தமிழ்நாட்டில் கோத்தகிரிக்குப் போனது. சாவி இங்கே நோர்வூட்டில் அப்பாயியின் பையில் கிடந்தது, அவர் சாகும் வரை. அந்தச் சாவியால் திறக்க இங்கே எந்தப் பூட்டும் இல்லை என்று தெரிந்தும், வெற்றிலை மாற்றும்போதெல்லாம் அதை எடுத்துச் சேலையில் துடைத்துத் திரும்பப் போடுவார்.

உங்கள் அப்பாயியின் சாவி எந்தப் பெட்டிக்கு என்று உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.