பெரிய கார்டு வாங்கும் முன் மானிட்டரைப் பாருங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பல ஆண்டுகளாக ஆர்டிஎக்ஸ் 2060 கிராஃபிக்ஸ் கார்டில் கேம் விளையாடி வருகிறேன். ப்ராசஸர் ரைசன் 5 3600, பவர் சப்ளை 550 வாட், மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ். புதிய கேம்களில் நொடிக்கு 40 ஃப்ரேம் (திரைக்கு வரும் தனித்தனிப் படம்) தான் வருகிறது. சேமித்து வைத்த பணத்தில் ஆர்டிஎக்ஸ் 5090 வாங்கிவிட்டால் அடுத்த பத்தாண்டுக்குக் கவலை இருக்காது அல்லவா?

பதில்: கார்டு மாறலாம், ஆனால் அதன் வலிமை உங்கள் கண்ணுக்கு எட்டாது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். கார்டு 200 ஃப்ரேம் வரைந்து தள்ளினாலும் திரையின் வேகம் அதுவேதான். மேலும் 1080பி திரையில் இருப்பவை சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 4கே திரையில் சரியாக அதன் நான்கு மடங்கு, அதாவது சுமார் 83 லட்சம். 5090 போன்ற கார்டு இந்த இரண்டாவது சுமைக்காகச் செய்யப்பட்டது. அதை உங்கள் திரையோடு இணைத்தால், தன் வேலையை நொடியில் முடித்துவிட்டு ப்ராசஸரின் அடுத்த உத்தரவுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

எதிரிகளின் அசைவு, பொருள்கள் மோதும் கணக்கு, எதை எங்கே வரைய வேண்டும் என்னும் கட்டளைகள் ஆகியவற்றை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ப்ராசஸர்தான் தயாரிக்கிறது. ரெசல்யூஷன், அதாவது பிக்சல்களின் எண்ணிக்கை, கூடினாலும் குறைந்தாலும் இந்த வேலை ஏறத்தாழ மாறுவதில்லை. ஆகவே செலவே இல்லாத ஒரு சோதனையை முதலில் செய்யுங்கள். ஃப்ரேம் வரம்பையும் அப்ஸ்கேலிங்கையும் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) அணைத்துவிட்டு, மற்ற செட்டிங்குகளைத் தொடாமல், ரெசல்யூஷனை மட்டும் 720பி அளவுக்குக் குறைத்து, அதே காட்சியை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். 40 என்பது 65, 70 என ஏறினால் கார்டுதான் தடை. 42, 43-லேயே நின்றால் ப்ராசஸர்தான் தடை, எந்தக் கார்டும் அதை மாற்றாது. டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் 40 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்துப் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். உங்கள் ப்ராசஸரில் 12 த்ரெட்கள், அதாவது ஒரே நேரத்தில் வேலை ஓடும் 12 தடங்கள், உள்ளன. கேமின் முதன்மை வேலையைச் சுமக்கும் ஒரே ஒரு த்ரெட் மூச்சுத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம் அளவுக்கே தெரியும்.

மின்சாரத்துக்கு வருவோம். 5090 மட்டுமே 575 வாட் வரை இழுக்கும்; அதற்கு 1000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று அதைத் தயாரிக்கும் என்விடியாவே பரிந்துரைக்கிறது. உங்களிடம் இருக்கும் மொத்த மின்சாரத்தை விடக் கார்டின் பசி பெரியது. யானை வாங்குகிறவர் அங்குசத்துக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். நீளமும் முக்கியம்: என்விடியாவின் சொந்த மாடலே 304 மில்லிமீட்டர், பிற நிறுவனங்களின் மாடல்கள் அதையும் தாண்டுகின்றன. கேபினெட்டின் முன்புற விசிறிகளையோ ரேடியேட்டரையோ கழித்துவிட்டு எஞ்சும் இடத்தை அளந்துகொள்ளுங்கள்.

பத்தாண்டு நிம்மதி என்ற கணக்கையும் நான் ஏற்கவில்லை. 2018-இல் உச்சியில் இருந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யின் வேகத்தை, 2020-இல் வந்த 3070 ஏறத்தாழ பாதி அறிமுக விலையில் எட்டிப் பிடித்தது. பழைய கார்டுக்கு மிஞ்சிய ஒரே பெருமை அதன் 11 ஜிபி நினைவகம். புதியதில் 8 ஜிபிதான். இன்று யோசித்தால் அந்தப் பெருமை சிறியதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் 1440பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட மானிட்டரை வாங்குவேன். அடுத்து 16 ஜிபி நினைவகம் உள்ள நடுத்தர உயர்நிலைக் கார்டு. எடுத்துக்காட்டாக ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி சுமார் 304 வாட்டில் ஓடுகிறது, 750 வாட் பவர் சப்ளை போதும். சோதனையில் ப்ராசஸர்தான் தடை என்று தெரிந்தால், மதர்போர்டை மாற்றாமல், பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்துவிட்டு ரைசன் 7 5700எக்ஸ்3டி-யோ 5800எக்ஸ்3டி-யோ கிடைத்தால் பொருத்தலாம். அவற்றின் எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம், 96 எம்பி. உங்களுடையதில் 32 எம்பி. கேம்களில் அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் பணம் மீதம் இருக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி: புதிய கார்டும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வாங்கினேன். ஆனால் அசைவில் பழைய கணினிக்கும் இதற்கும் வேறுபாடே தெரியவில்லை. கார்டில் குறையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. மானிட்டர் கேபிள் மதர்போர்டின் பின்புறத் துளையில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது கார்டின் துளையில்தான் இருக்க வேண்டும். பின்னர் விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட் 165 என்று தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். புதிய மானிட்டர் பல நேரங்களில் 60-லேயே தொடங்கும்.

கேள்வி: கார்டுக்கு மின்சாரம் தரும் 16 பின் கனெக்டர் உருகிவிடும் என்கிறார்கள். உயர்நிலைக் கார்டு வாங்கவே பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வெளிவந்த சில நாள்களிலேயே இப்படிப்பட்ட புகார்கள் தொடங்கின. 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். அது மின்சாரத்தைக் கொண்டுவரும் ஆறு பின்களில் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்கு மேல் பாயும். பழைய 8 பின் கனெக்டரிலோ 150 வாட் மூன்று பின்களில் பிரிந்ததால் சுமார் 4 ஆம்பியர்தான். அதாவது புதிய கனெக்டர் தன் எல்லைக்கு மிக அருகிலேயே வேலை செய்கிறது. பிளக் முழுதாக உட்காராவிட்டால் தொடர்பு தளர்ந்த இடத்தில் வெப்பம் ஏறி பிளாஸ்டிக் இளகுகிறது. பின்னர் வந்த 12வி-2எக்ஸ்6 என்னும் கனெக்டர் வடிவத்தில், பிளக் செருகப்பட்டதைக் கார்டுக்குத் தெரிவிக்கும் உணர் பின்களைக் குட்டையாக்கியிருக்கிறார்கள். அரைகுறையாகச் செருகினால் கார்டு மின்சாரம் இழுக்காது. இருந்தாலும், ஆறு கம்பிகளில் ஒன்று மட்டும் அதிகச் சுமை தாங்க நேர்வதை அந்த மாற்றம் தடுப்பதில்லை.

இடைவெளியே தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகுங்கள். கனெக்டரை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள். மிக முக்கியமாக, ஒரு பவர் சப்ளையோடு வந்த கேபிளை இன்னொன்றில் மாட்டாதீர்கள். துளை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கக்கூடும். இந்தச் சோம்பேறித்தனத்தால் நான் ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பறிகொடுத்தவன்.

கேள்வி: இடைப்பட்ட படங்களைக் கார்டே உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷனை இயக்கினால் 30 ஃப்ரேம் 60 ஆகிவிடுமாமே? பிறகு புதிய கார்டு எதற்கு?

பதில்: எண்ணிக்கை கூடும், கை உணரும் வேகம் கூடாது. இரண்டு உண்மையான ஃப்ரேம்களை வரைந்த பிறகே அவற்றுக்கு இடைப்பட்ட படத்தைக் கார்டு உருவாக்க முடியும் என்பதால், இரண்டாவது ஃப்ரேம் சற்றுத் தாமதமாகத்தான் திரைக்கு வருகிறது. 30 ஃப்ரேமில் ஏற்கெனவே ஒவ்வொன்றுக்கும் 33 மில்லிநொடி இடைவெளி. அதன்மேல் இந்தத் தாமதமும் சேர்ந்தால் மவுஸை நகர்த்தியபின் குறி மெதுவாகத் தவழும். முதலில் செட்டிங்குகளைக் குறைத்தோ அப்ஸ்கேலிங்கைப் பயன்படுத்தியோ 60 ஃப்ரேம் அளவுக்கு வாருங்கள். அங்கிருந்து 120-க்குப் போக இதை இயக்குங்கள். குறி பார்த்துச் சுடும் போட்டி கேம்களில் அப்போதும் அணைத்தே வைப்பேன்.