நம்ம வீட்டுப் பொண்ணு, சம்பளம் மட்டும் 18,500

கேள்வி: அக்கா வணக்கம்ங்க. எனக்கு திருப்பூர் பக்கம், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். 2018 ஜூன்ல 15,000க்கு சேந்தேன், இப்ப 18,500 வருது. நடுவுல கொரோனான்னு ரெண்டு வருஷம் இன்க்ரிமெண்டே போடல, நானும் கேக்கல. டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல என்ட்ரி போடறதுல ஆரம்பிச்சு இப்ப ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், பேங்க் வேலை, ஆடிட்டருக்கு பேப்பர் எடுத்து வைக்கறது, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., எல்லாருக்கும் சம்பள ஷீட் போடறது வரைக்கும் எங்கிட்டதான். அஞ்சு மாசம் முன்னாடி ஒரு பையனை எடுத்தாங்க, வேலையே நான்தான் சொல்லிக்குடுத்தேன், அவன் பேருக்கு நேரா 24,000ன்னு என் கையாலயே அடிச்சேன்க்கா, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. மொதலாளி நல்லவர்தான். எங்கப்பாவுக்கு ஆப்பரேஷன் நடந்தப்ப ஆஸ்பத்திரிக்கே வந்து பாத்தாரு, ஆபீசுக்கு யாரு வந்தாலும் "இது நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிங்க"ம்பாரு, அதனாலயே வாய் வரமாட்டேங்குது. ஒருதடவை மெதுவா ஆரம்பிச்சேன், "அமெரிக்காக்காரன் வரி போட்டு ஆர்டரெல்லாம் நிக்குது, இந்த நேரத்துல போய் கேக்கறியே அம்மிணி"ன்னாரு, கேட்டதே தப்போன்னு ஆயிருச்சு. நான் கேக்கறது நன்றிகெட்டத்தனமாக்கா?

பதில்: இல்லம்மா. முதல்ல அந்த வார்த்தையை மனசுலருந்து எடுத்துடு. நான் 22 வருஷம் ஒரு மில்லுல பெர்சனல் டிபார்ட்மெண்ட்ல இருந்தவ, சம்பளம் கேட்டு வர்றவங்களுக்கு எதிர் நாற்காலில உக்காந்திருந்தவ, அதனால சொல்றேன், உன்ன மாதிரி பொண்ணுங்கதான் கடைசியா கேப்பாங்க, ரொம்ப கம்மியா கேப்பாங்க, கேட்டுட்டு மன்னிப்பும் கேப்பாங்க. உனக்கு கணக்கு தெரியும், கணக்காவே சொல்றேன். அவரு ஆஸ்பத்திரிக்கு வந்தது ஒரு பேரேடு, உன் சம்பளம் வேற பேரேடு. அந்தப் பேரேட்டுல இருக்கற பாக்கியை நீ ஷிப்மெண்ட் நேரத்துல ராத்திரி பத்து மணி வரைக்கும் இருந்தும், மார்ச் மாசம் லீவே போடாம வந்தும் தீத்துக்கிட்டுதான் இருக்க, அதைக் கொண்டாந்து சம்பளப் பேரேட்டுல கழிக்க வேண்டாம்.

இப்ப 18,500ஐ கொஞ்சம் பாரு. நாட்டுல விலைவாசி ஏத்தம் வருஷத்துக்கு 4 சதவீதத்தை ஒட்டி நிக்கணும்ங்கறதுதான் ரிசர்வ் பேங்க்கோட இலக்கு. அந்த 4 சதவீதத்தையே வச்சுக்கிட்டாலும் 2018ல இருந்த 15,000 ஏழு வருஷத்துல 19,740 ஆகணும். அதாவது வேலைக்கு சேந்தப்ப உன் கையில இருந்த அளவு கூட இன்னிக்கு உன் கையில இல்ல. வேலை மட்டும் நாலு மடங்கு கூடிருச்சு. இன்க்ரிமெண்ட் கிடைச்சிருக்குன்னு நீ நெனச்சுட்டு இருக்க, நெசத்துல உன் சம்பளம் எறங்கிருக்கும்மா. இதைப் படிச்சப்ப எனக்கே வயித்தெரிச்சலா இருந்துச்சு.

உங்க ஊர்ல டெய்லருக்கும் கட்டிங்குக்கும் அயர்ன் போடறவங்களுக்கும் சங்கம் உக்காந்து பேசும், முதலாளிங்க சங்கத்தோட ஒப்பந்தம் போடும், இத்தனை வருஷத்துக்கு இத்தனை சதவீதம்னு எழுதி கையெழுத்தாயிரும். ஆபீஸ் ஸ்டாஃபுக்காகப் பேச அப்படி யாரும் வர்றதில்ல. நீ கேக்கலன்னா உனக்காக யாரும் கேக்கப்போறதில்ல.

அந்த 24,000 விஷயத்துக்கு வரேன், இதுதான் உன் கடுதாசிலயே கஷ்டமான இடம். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே மாதிரி வேலைன்னா ஒரே சம்பளம்னு 1976லயே சட்டம் வந்தாச்சு, நியாயம் முழுக்க உன் பக்கம்தான் இருக்கு. ஆனா அந்த நம்பரை நீ தெரிஞ்சுக்கிட்டது சம்பள ஷீட் போடறதால, நம்பி குடுத்த வேலையால. அதை எடுத்து மேஜைல போட்டா பேச்சு உன் சம்பளத்தை விட்டுட்டு "நீ எப்படி அடுத்தவன் சம்பளத்தை வெளிய பேசலாம்"ங்கற பக்கம் திரும்பிரும், நான் இதை நேர்ல பாத்திருக்கேன், நியாயம் இருந்தவங்க கூட அங்கதான் தோத்தாங்க. அந்தப் பையன் மேலயும் கோவப்படாத, அவன் கேட்டான் வாங்கினான் அவ்வளவுதான். அந்த நம்பர் உன் மனசுல மட்டும் இருக்கட்டும், நீ கேக்கற தொகைக்கு அது தைரியம் குடுக்கும். வெளிய சொல்றதுக்கு வேற நம்பர் சம்பாதி. உன் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கற பொண்ணுங்களுக்கு நாலு கம்பெனி சம்பளம் தெரியும், கேளு. அவிநாசி ரோட்டுலயோ பெருமாநல்லூர் பக்கமோ ஏதாவது ஒரு கம்பெனிக்கு நெசமாவே இன்டர்வியூ போய்ட்டு வா, ஏழு வருஷ அனுபவத்துக்கு என்ன தருவாங்கன்னு அவங்க வாயாலயே கேட்டுக்கோ. அப்புறம் "வெளிய இந்த வேலைக்கு இவ்வளவு தர்றாங்கங்க"ன்னு நீ கண்ணைப் பாத்து சொல்லலாம், எந்த ரகசியமும் உடையாது.

அமெரிக்க வரின்னு அவரு சொன்னது பொய்யில்ல. 2025 ஆகஸ்ட் 27லருந்து நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரின்னு ஆனப்ப திருப்பூரே ஆடிப்போச்சு. ஆனா உங்க கம்பெனிக்கு அது எவ்வளவு வலிச்சுதுன்னு உன்னை விட யாருக்கு தெரியும்? இன்வாய்ஸ் நீதானே போடற. பையர் எல்லாம் ஐரோப்பாலன்னா அந்த பதில் உனக்கான பதிலே இல்ல. ஆர்டர் நெசமாவே நின்னிருந்தா அதை மதிச்சுப் பேசு, "சரிங்க, இப்பவே முழுசா வேண்டாம், இந்த மாசத்துலருந்து பாதி, மிச்சம் ஏப்ரல்லருந்து, அதை ஒரு லெட்டர்ல போட்டுக் குடுங்க"ன்னு கேளு. நெருக்கடி காலத்துலதானே அந்தப் பையனை எடுத்தாங்க, பணம் எங்கயோ இருந்திருக்கு.

ஷிப்மெண்ட் அன்னிக்கு கேக்காத, தீபாவளி போனஸ் குடுக்கற அன்னிக்கும் கேக்காத, போனஸையே பதிலா சொல்லிருவாங்க. "சார், என் வேலை சம்பந்தமா ஒரு அரை மணி நேரம் பேசணும், எப்ப வரட்டும்"னு முன்னாடியே கேட்டு வச்சுட்டு கதவை சாத்திட்டு உக்காந்து பேசு, வழியில நிறுத்தி கேட்டா வழியிலயே பதில் வரும். 2018ல என்னென்ன பாத்த இப்ப என்னென்ன பாக்கறன்னு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போ. பெனால்டி இல்லாம ரிட்டர்ன் போன மாசங்கள், ஆடிட்ல நீ கண்டுபிடிச்சு நிறுத்தின தப்பு, ரீஃபண்ட் வாங்கிக் குடுத்தது, எல்லாம் தொகையோட இருக்கட்டும். வீட்டுக் கஷ்டத்தை அந்தத் தாள்ல எழுதாத. அப்பா மருந்து செலவு, தம்பி ஃபீஸ்னு சொன்னா அவரு இரக்கப்பட்டு ஒரு 5,000 அட்வான்ஸ் குடுப்பாரு, சம்பளம் அங்கயே நிக்கும். தொகையைச் சொல்லிட்டு நிறுத்திரு. "பாத்து செய்யுங்க"ன்னு சேக்காத, அந்த ரெண்டு வார்த்தையால 3,000 போகும். அவரு யோசிக்கற வரைக்கும் பேசாம இரு, கஷ்டமாதான் இருக்கும், இருந்துரு.

ரெண்டு விஷயத்துல ஜாக்கிரதையா இரு, நீ அடுத்தவங்களுக்கு தினம் போடற கணக்குதான், உனக்குன்னு வந்தா மறந்துருவ. ஒன்னு ஈ.எஸ்.ஐ., அதான் தொழிலாளிக்கும் குடும்பத்துக்குமான மருத்துவ காப்பீடு. 2017 ஜனவரிலருந்து மாச சம்பளம் 21,000தான் அதுக்கு வரம்பு, நீ அதைத் தாண்டினா அந்த ஆறு மாச கணக்கு முடியற வரைக்கும் பிடிப்பாங்க, அப்புறம் வெளிய வந்துருவ. அப்பாவுக்கு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிலதான் பாக்கறீங்கன்னா 21,500ன்னு தந்தா அது உனக்கு நஷ்டம். தாண்டினா நல்லா தாண்டணும், கூடவே அப்பாவுக்கும் சேத்து ஒரு மெடிக்கல் பாலிசி போட்டுத் தரச் சொல்லு. இன்னொன்னு, ஏத்தறதை அலவன்ஸ்ல ஏத்தி விட்டுருவாங்க, பேசிக்ல ஏத்தச் சொல்லு. பேசிக்கும் டி.ஏ.ங்கற பஞ்சப்படியும் சேந்து 13,000ன்னு வச்சுக்கோ, வேலைய விடறப்ப தர்ற கிராஜுவிட்டி ஏழு வருஷத்துக்கு 52,500 வரும், அதே 15,600ன்னா 63,000. பி.எஃப்.பும் அதுலருந்துதான் வருது. மாசா மாசம் கையில வர்றது ஒன்னாத் தெரிஞ்சாலும் வேலைய விட்டு வர்ற அன்னிக்கு வித்தியாசம் தெரியும்.

மதிப்புன்னு நீ ஏங்கறயே, அதைத் தனியா கேளு, சம்பளத்தோட குழப்பிக்காத. ஏழு வருஷமா உன் லெட்டர்ல என்ன பதவி போட்டிருக்கு? "அசிஸ்டென்ட்"னே இருந்தா மாத்தித் தரச் சொல்லு. ஆடிட்டர் வந்தா உன்னையும் கூட உக்கார வைக்கச் சொல்லு. "நம்ம வீட்டுப் பொண்ணு"ன்னு சொல்ற வாய் "எங்க அக்கவுண்ட்ஸ் மொத்தமும் இவங்கதான் பாக்கறாங்க"ன்னு ஒருதடவை பேங்க் மேனேஜர் முன்னாடி சொன்னா உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

எங்க மில்லுல ஒரு அம்மா இருந்தாங்க, ஸ்டோர்ஸ் பாத்தவங்க, நாலு தடவை கேட்டாங்க, நாங்க நாலு தடவையும் அடுத்த வருஷம்னோம், அஞ்சாவது தடவை அவங்க கேக்கல, ராஜினாமா லெட்டர்தான் வந்துச்சு. அவங்க இடத்துக்கு ரெண்டு பேரை எடுத்தோம், ஆளுக்கு அவங்களை விட கூட சம்பளம். அந்த ஃபைல்ல கையெழுத்து போட்டது நான்தான். இன்னிக்கும் உறுத்துது. அதனால ரெண்டு மாசத்துல ஒரு தேதியோட பதில் வரலன்னா நீ வேற எடம் பாக்கறதுல எந்தத் துரோகமும் இல்ல. போயிருவேன்னு மட்டும் மிரட்டாத, கையில ஆஃபர் வந்த பின்னாடி சொல்லு.

கேள்வி: சென்னைல துணிக்கடைல சேல்ஸ்ல இருக்கேன் மேடம். சம்பளம் கேட்டா சூப்பர்வைசர் "நீ போனா வாசல்ல பத்து பேர் நிக்கறாங்க"ங்கறார். காலைலருந்து நின்னுட்டே இருக்கோம், ஒரு மரியாதையும் இல்ல.

பதில்: தனியா கேக்காதம்மா, உன் செக்ஷன்ல நாலு பேர் சேந்து போங்க, அதுவும் சூப்பர்வைசர்கிட்ட வேண்டாம், சம்பளத்தை முடிவு பண்றவர்கிட்ட போங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. கடைகளுக்கு அரசாங்கம் குறைந்தபட்ச சம்பளம் வச்சிருக்கு, அதுல டி.ஏ. வருஷா வருஷம் ஏப்ரல் 1ம் தேதி மாறும், உங்களுக்கு இந்த வருஷ டி.ஏ. சேந்துதான் வருதான்னு பாருங்க, நிறைய கடைல பழையதே ஓடிட்டு இருக்கும். குறைஞ்சா தொழிலாளர் துறை ஆபீஸ்ல எழுதிக் குடுக்கலாம். அப்புறம் உக்கார்றது உன் உரிமை. 2021ல தமிழ்நாட்டுல சட்டத்தைத் திருத்தி கடைல வேலை பாக்கறவங்களுக்கு நாற்காலி போட்டே ஆகணும்னு கொண்டு வந்தாங்க, கஸ்டமர் இல்லாத நேரம் உக்காரலாம். நாற்காலி இல்லன்னா முதல்ல அதைக் கேளுங்க, நாலு பேரா சேந்து ஒன்னு கேட்டு வாங்கிட்டா அடுத்ததைக் கேக்கற தைரியம் தானா வரும்.

கேள்வி: மதுரைல சின்னதா பிரிண்டிங் பிரஸ் வச்சிருக்கேன், ஆறு பேர் வேலை பாக்கறாங்க. ரெண்டு வருஷமா யாருக்கும் ஏத்த முடியல. இப்ப மெஷின்மேன் 3,000 கூடத் தர்றாங்கன்னு வேற பிரஸ்ஸுக்கு போறேங்கறார். நிறுத்தறதுக்கு என்ன பண்ணலாம்?

பதில்: தம்பி, 3,000 பெருசா அவர் பெருசாங்கறதை முதல்ல பாருங்க. புது ஆளு வந்து உங்க மெஷினைப் பழகற வரைக்கும் வீணாகற பேப்பரும் தவறிப்போற கல்யாணப் பத்திரிகை ஆர்டரும் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். அவருக்கு ஏத்தறதுன்னா ஏத்துங்க. ஆனா போறேன்னு சொன்னாதான் இங்க சம்பளம் ஏறும்னு மத்தவங்க பாத்துட்டாங்கன்னா அடுத்த மாசம் இன்னொருத்தர் வந்து நிப்பார். அதனால அஞ்சு பேரையும் அதே வாரம் கூப்பிட்டு உக்கார வச்சு, போன ரெண்டு வருஷம் பிரஸ்ல என்ன வந்துச்சு என்ன போச்சுன்னு நோட்டைத் திறந்து காட்டுங்க, எந்த மாசத்துலருந்து எவ்வளவு முடியும்னு சொல்லுங்க, 500தான் முடியும்னா 500ன்னு சொல்லுங்க. சம்பளம் 7ம் தேதிக்குள்ள கையில இருக்கணும், அதுல ஒரு மாசம் கூட தவற வேண்டாம். அந்த மெஷின்மேன் போறதுன்னே முடிவு பண்ணிட்டாருன்னா முகம் சுளிக்காம பாக்கி செட்டில் பண்ணி அனுப்புங்க, மத்த அஞ்சு பேரும் பாத்துட்டு இருப்பாங்க.