கேட்டால் சொல்கிறோம்: மாலையில் பெய்த மழை, நள்ளிரவில் எழும் கோடு

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் இன்ஃபுளக்ஸ்டிபி தரவுத்தளமும், அதிலுள்ளதை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவும் ஓடுகின்றன. தண்ணீர்த் தொட்டியின் மட்டமும் மழை அளவும் அதில்தான் பதிவாகின்றன. போன வாரம் இடிமழையில் கரண்டு போய் வந்ததிலிருந்து டேஷ்போர்டு பக்கம் திறக்கவில்லை. கிராஃபானாவை இரண்டு தடவை நீக்கி மறுபடி போட்டும் பார்த்தாயிற்று.
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மூன்றாவது தடவை போடாதீர்கள். நிரலை நீக்கிப் போட்டாலும் 'வார்/லிப்/கிராஃபானா' அடைவில் உள்ள கோப்புகள் அப்படியே இருக்கும். கோளாறு அங்கே இருந்தால் அதுவும் அப்படியேதான் இருக்கும்.

பக்கம் திறக்காதபோது உலாவி என்ன சொல்கிறது என்று பாருங்கள். நெடுநேரம் சுற்றிவிட்டு 'டைம் அவுட்' என்றால், பெரும்பாலும் பழுது சர்வரில் இல்லை. கரண்டு வந்ததும் ரூட்டர் அந்தப் பை கணினிக்கு வேறு ஐபி எண் (வலைப்பின்னல் முகவரி) கொடுத்திருக்கும், நீங்கள் பழைய எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். ரூட்டரின் டிஎச்சிபி பட்டியலில் (எந்தக் கருவிக்கு எந்த எண் என்ற பட்டியல்) புது எண்ணைப் பார்த்து, பையின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய எண்) அதையே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

உடனே 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, கிராஃபானா பதில் சொல்லும் வாசலான 3000-ஆம் போர்ட்டில்தான் ஆள் இல்லை. 'சூடோ ஜர்னல்சிடிஎல் -யு கிராஃபானா-சர்வர் -என் 50' என்று தட்டி, கடைசி ஐம்பது வரிகளைப் படியுங்கள். விடை அநேகமாக அங்கேயே இருக்கும்.

'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்றால் பையின் மெமரி கார்டு நிரம்பிவிட்டது. 'டிஎஃப் -எச்' கட்டளையில் 100% என்று தெரியும். 'சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்கூம்-சைஸ்=100எம்' கொடுத்தால் பழைய பதிவேடுகள் போய்ச் சற்று மூச்சுவிட இடம் கிடைக்கும். ஆனால் இடத்தை அடைத்தது வேறொன்றாக இருக்கும். இன்ஃபுளக்ஸ்டிபியில் நீங்களாகக் காலவரம்பு வைக்காவிட்டால் அது எதையும் அழிக்காது. தொட்டி மட்டத்தை 5 விநாடிக்கு ஒரு தடவை எழுதினால் நாளைக்கு 17,280 பதிவுகள். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 1,440தான். தொட்டி என்ன அவ்வளவு வேகமாகவா வற்றுகிறது? தொட்டிக்கு 90 நாள் வரம்பு வையுங்கள். மழைக்கு மட்டும் நாளொன்றுக்கு ஒரு கூட்டுத்தொகையைத் தனி பக்கெட்டில் (தரவுத்தளத்துக்குள் ஒரு தனிப் பகுதி) வரம்பில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் அது கார்டின் மரண ஓலை. லினக்ஸ் பிழை கண்டு எழுதுவதை நிறுத்திக்கொண்டது. 'கிராஃபானா.டிபி' கோப்பையும் இன்ஃபுளக்ஸ் தரவையும் அன்றைக்கே பென்டிரைவில் எடுத்துவிட்டு, கார்டை மாற்றுங்கள். யுஎஸ்பி எஸ்எஸ்டி போட்டால் இன்னும் நல்லது.

'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்' என்றால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனதில் டேஷ்போர்டுகளை வைத்திருக்கும் கோப்பு சிதைந்திருக்கும். சேவையை நிறுத்தி, கோப்பை நகலெடுத்து, நகலின் மேல் எஸ்க்யூலைட்டின் (அந்தக் கோப்பைக் கையாளும் தரவுத்தள நிரல்) 'ரெக்கவர்' கட்டளையை ஓட்டிப் புதுக் கோப்பு ஒன்று உண்டாக்குங்கள். அதைப் பழைய இடத்தில் வைத்ததும் உரிமையாளரை 'கிராஃபானா' என்று மாற்றவேண்டும். இதை மறந்துவிட்டுச் சேவை எழவில்லையே என்று தவிப்பவர்கள் ஏராளம். மழை, தொட்டிக் கணக்குகள் இந்தக் கோப்பில் இல்லை, அவை இன்ஃபுளக்ஸில் இருக்கின்றன. கிராஃபானா வெறும் கண்ணாடிதான்.

கைப்பேசி சார்ஜரில் பையை ஓட்டுகிறீர்களா? 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்' தட்டிப் பாருங்கள். 0எக்ஸ்0 வந்தால் குறையில்லை. 0எக்ஸ்50005 வந்தால் இந்த நிமிடமே மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது. 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். சிறிய யுபிஎஸ் வாங்கினால் ரூட்டரையும் அதில் செருகுங்கள்.

கேள்வி: மாலை 4 மணிக்கு மழை கொட்டுகிறது. வரைபடத்தில் அது நள்ளிரவு 12 மணியில் நிற்கிறது. கிராணி (தோட்டக் கணக்கர்) கையால் எழுதும் மழைப் புத்தகத்துக்கும் இதற்கும் நாள் கணக்கே ஒத்துவரவில்லை. டேஷ்போர்டின் நேரத்தை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று மாற்றினால் சரியாகத் தெரிகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
— தோட்ட ஊழியர், கோல சிலாங்கூர்

பதில்: விடக்கூடாது. தள்ளிப்போவது சரியாக 8 மணி நேரம், அதாவது மலேசிய நேரத்துக்கும் யுடிசிக்கும் உள்ள இடைவெளி. மழைமானியிலிருந்து எண்ணை அனுப்பும் பைத்தான் நிரல், நம் ஊர் நேரத்தை நேர மண்டலக் குறிப்பில்லாமல் அனுப்புகிறது. தரவுத்தளம் அதை யுடிசி என்று எடுத்துக்கொள்கிறது. திரையை யுடிசிக்கு மாற்றினால் எண் பொருந்தும். ஆனால் இப்போது பெய்கிற மழை தரவுத்தளத்துக்கு இன்னும் 8 மணி நேரம் கழித்து வரவேண்டியது. அதனால் 'கடைசி 6 மணி நேரம்' என்று கேட்டால் அது வராது.

நிரலில் 'டேட்டைம்.நௌ' உள்ள இடத்தில் யுடிசி மண்டலத்தைச் சேர்த்து எழுதுங்கள். அல்லது நேரத்தையே அனுப்பாதீர்கள், பதிவு வந்துசேரும் நேரத்தைத் தரவுத்தளமே குறித்துக்கொள்ளும். பழைய பதிவுகளின் நேரத்தில் 8 மணி நேரத்தைக் கழித்துப் புதிதாக எழுதவேண்டும், இருந்த இடத்தில் திருத்த முடியாது.

இதோடு இன்னொரு பொறியும் உண்டு. நாள்வாரியாகக் கூட்டும்போது இன்ஃபுளக்ஸ் யுடிசி நள்ளிரவில்தான் நாளைத் தொடங்கும், நமக்கு அது காலை 8 மணி. வினவலில் 'ஏசியா/கோலா_லம்பூர்' மண்டலத்தைக் குறிப்பிட்டால்தான் நம்முடைய நள்ளிரவிலிருந்து கூட்டும். கிராணி எத்தனை மணிக்கு மழைமானியை அளக்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் காலையில் அளந்தால் அவருடைய 'நாள்' வேறு.

கேள்வி: முகவரியில் 3000 என்று தட்டுவது தொல்லையாக இருக்கிறதென்று 'கிராஃபானா.ஐஎன்ஐ' கோப்பில் போர்ட்டை 80 ஆக்கினேன். ஒன்றும் மாறவில்லை. மறுபடி திருத்தினால் சர்வரே எழவில்லை.
— வாசகர், கூலிம்

பதில்: முதல் தடவை வரியின் முன்னால் இருந்த அரைப்புள்ளியை விட்டுவிட்டிருப்பீர்கள். அரைப்புள்ளியில் தொடங்கும் வரியை கிராஃபானா படிக்காது. இரண்டாம் தடவை அதை எடுத்ததும் 80 நடைமுறைக்கு வந்தது. 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைச் சாதாரணப் பயனர் திறக்க லினக்ஸ் வழக்கமாக விடாது, அதனால் 'பெர்மிஷன் டினைட்' என்று சேவை விழுந்துவிட்டது. 3000-க்கே திரும்புங்கள். உலாவியில் ஒரு புக்மார்க் போதும்.