முதல் கிராஸ் கன்ட்ரி ஓட்டம்: ஆறு வாரத்தில் எப்படித் தயாராவது?

கேள்வி: பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜனவரி நடுவில் நடக்கும் கல்லூரிகளுக்கு இடையிலான கிராஸ் கன்ட்ரி (ரோட்டை விட்டு புல், சேறு, மேடு வழியே ஓடும்) போட்டிக்கு எங்கள் பெண்கள் அணியில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். தூரம் 10 கி.மீ. இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. ரோட்டில் 10 கி.மீ. தூரத்தை 54 நிமிடத்தில் ஓடுவேன். மண்ணில் ஓடிப் பழக்கமே இல்லை. போன வாரம் மெரினா மணலில் ஓடிப் பார்த்தேன். கி.மீ.க்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுகிறது. மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி உள்ள ஷூ) வாங்க வேண்டுமா, வெறுங்காலில் ஓடலாமா? சென்னையில் மேட்டுக்கு எங்கே போவது? அணிக்கு நான் பாரமாகிவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பயம் போனால்தான் மற்றது மனதில் ஏறும்.

கிராஸ் கன்ட்ரியில் அணிக்கான கணக்கு நேரத்தை வைத்து நடப்பதில்லை, இடத்தை வைத்து நடக்கிறது. வழக்கமாக ஓர் அணிக்கு ஆறு பேர் ஓடுவார்கள். அவர்களில் முன்னால் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்த அணிக்கு வெற்றி. (உங்கள் போட்டியில் எத்தனை பேரைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று பி.டி. மேடத்திடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.) உங்கள் அணி 5, 14, 27, 40 ஆகிய இடங்களில் வந்தால் மொத்தம் 86. எதிர் அணி 3, 15, 28, 39 என்றால் 85. ஒரே புள்ளியில் தோல்வி. இப்போது, 40வதாக ஓடிக்கொண்டிருப்பவர் கடைசி நூறு மீட்டரில் தனக்கு முன்னால் போகும் அந்த எதிர் அணிப் பெண்ணைத் தாண்டிவிட்டார் என்று வையுங்கள். நீங்கள் 85, அவர்கள் 86. கோப்பை கை மாறிவிட்டது. முன்னால் பதக்கத்துக்கு ஓடுபவர்களை எல்லோரும் பார்ப்பார்கள். அணியின் முடிவோ பெரும்பாலும் பின்னால், யாரும் கை தட்டாத இடத்தில்தான் தீர்மானமாகிறது. ஐந்தாவது ஆறாவது ஆள்கூட எதிர் அணிக்காரரை ஓர் இடம் பின்னுக்குத் தள்ளினால் அதுவும் உங்கள் அணிக்கு லாபம். நீங்கள் எப்படிப் பாரமாக முடியும்?

அப்புறம் அந்த 54 நிமிடம். அதை ஆறு வாரத்துக்கு மறந்துவிடுங்கள். சேறும் புல்லும் மேடும் கலந்த ஒரு வளாகத்தில் 10 கி.மீ. என்பது ரோட்டு 10 கி.மீ. இல்லை. தூரமே சரியாக 10 இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பொதுவாக இரண்டு கி.மீ. அளவுக்கு ஒரு சுற்றுப் போட்டு, ஐந்து முறை ஓட விடுவார்கள். ஒரே சுற்றின் ஒரு பகுதியில் உங்கள் வேகம் கி.மீ.க்கு 5:20 நிமிடம் இருக்கும், அடுத்த பகுதியில் 7:00 ஆகும். கடிகாரத்தைப் பார்த்து அதைச் சமன் செய்யப் போனால், மேட்டில் மூச்சைத் தொலைத்துவிட்டு இறக்கத்தில் சும்மா வருவீர்கள். மணலில் கி.மீ.க்கு ஒரு நிமிடம் கூடியதில் வியப்பே இல்லை. உங்கள் உழைப்பு குறையவில்லை, அதில் ஒரு பகுதியை மணல் விழுங்கிவிட்டது. மூச்சுதான் இங்கே அளவுகோல். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது எளிய ஓட்டம். மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் வராவிட்டால் அது போட்டி உழைப்பு. இந்த இரண்டையும் உடம்புக்கு அடையாளம் தெரிய வைப்பதுதான் இந்த ஆறு வாரத்தின் முக்கிய வேலை.

கெண்டைக்கால் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. உதிரி மணலில் குதிகால் உள்ளே புதைகிறது, கெண்டைத் தசையும் அதன் கீழே உள்ள தசைநாணும் வழக்கத்தைவிட அதிகம் இழுபடுகின்றன. உந்தும்போது மணல் நழுவுவதால் அதே தசை மறுபடியும் வேலை செய்கிறது. அதனால் முதல் இரண்டு வாரம் அலை வந்து போகும் ஈர மணலில் மட்டும் ஓடுங்கள், அது கெட்டியாக இருக்கும். அதற்குப் பிறகு, கடைசிப் பத்து நிமிடம் மட்டும் உதிரி மணலுக்கு ஏறுங்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: அலையோரம் கடல் பக்கமாகச் சாய்ந்திருக்கும். வடக்கே போகும்போது வலது கால் தாழ்ந்து விழும், தெற்கே திரும்பும்போது இடது கால். போன தூரம் அதே கோட்டில் திரும்பி வந்தால் இரண்டு காலும் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் ஓடிவிட்டு பஸ் ஏறினால் இடுப்பும் முட்டியும் மறுநாள் கணக்குக் கேட்கும். வீட்டில் தினமும் ஒரு படியின் ஓரத்தில் முன்பாதம் வைத்து நின்று, குதிகாலை உயர்த்தி மெதுவாகக் கீழே இறக்குங்கள். காலுக்குப் பதினைந்து தடவை போதும். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்கப் பழகுங்கள். கணுக்கால் மடங்காமல் காப்பதில் இதற்கு நிகராக எந்த ஷூவையும் சொல்ல மாட்டேன்.

மேடு? சென்னை தட்டையான ஊர்தான், ஆனால் பரங்கிமலை இருக்கிறது. சுமார் 300 அடி உயரம், படியும் உண்டு, வண்டி போகும் பாதையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பெரம்பூரிலிருந்து மின்ரயிலில் சென்ட்ரல், எதிரே பூங்கா நிலையத்தில் மாறினால் பரங்கிமலை நிலையம். படியில் ஓட வேண்டாம், பாதையில் ஓடுங்கள். ஒரு நிமிட ஏற்றத்தை ஆறு முறை, இறங்கும்போது நடை. அடுத்தடுத்த வாரங்களில் எட்டு, பத்து. ஏற்றத்தில் அடியைச் சின்னதாக்கி, கையை வேகமாக வீசுங்கள். குனிந்து தரையைப் பார்க்காதீர்கள், நாலைந்து அடி முன்னால் பாருங்கள். உச்சியில் நின்றுவிடாமல் இன்னும் இருபது அடி அதே உழைப்பில் ஓடிப் பழகுங்கள். போட்டியில் பெரும்பாலோர் மேடு முடிந்ததும் தளர்ந்து மூச்சு வாங்குவார்கள். ஆட்களைத் தாண்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

வாரம் முழுக்கக் கடற்கரைக்கும் மலைக்கும் அலைய வேண்டியதில்லை. வடசென்னையில் கால்பந்து மைதானத்துக்குப் பஞ்சமில்லை. மழை விட்ட மறுநாள் ஒரு மைதானத்துக்குப் போங்கள். நடுவில் ஆடுபவர்களை விட்டுவிட்டு ஓரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் புல் முளைத்து, குழியும் கல்லும் சேறுமாக யாரும் சீண்டாத ஒரு பட்டை இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான். செருப்பை ஒரு மூலையில் போட்டு அதைச் சுற்றித் திரும்பிப் பழகுங்கள். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பியதும் ஐந்தாறு அடியில் பழைய வேகத்துக்கு வர வேண்டும். சேற்றில் நீட்டி அடி வைத்தால் வழுக்கும். அடி சின்னதாக, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். தெருவில் தேங்கிய தண்ணீரில் மட்டும் பயிற்சி வேண்டாம், அதில் சாக்கடை கலந்திருக்கும், மூடி திறந்த குழியும் இருக்கலாம்.

வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டம் போதும். ஒரு நாள் மேடு அல்லது மணல். ஒரு நாள் மைதான ஓரத்தில் போட்டி உழைப்பில் ஐந்து நிமிடம், பிறகு இரண்டு நிமிடம் மெது ஓட்டம், இப்படி நான்கு முறை. நான்காவது வாரத்தில் அது ஐந்து முறையாகட்டும். ஒரு நாள் நீண்ட ஓட்டம், 12 முதல் 14 கி.மீ., பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில். மீதி இரண்டு நாளும் 6, 7 கி.மீ. எளிய ஓட்டம். கடைசிப் பத்து நாளில் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடைசி வாரத்தில் முட்டி மோதுபவர்களைத்தான் போட்டியன்று கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கப் பார்க்கிறேன்.

பெண்கள் சாதாரணமாகப் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பயிற்சி தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் அளவு) பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அந்த நிலையில் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மேட்டில் மூச்சு இரைக்கும், 'எனக்குத் திறமை இல்லை' என்று நீங்களே முடிவு கட்டிவிடுவீர்கள். இரும்பு மாத்திரையை டாக்டர் சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை, பயறு எல்லாம் நல்லதுதான். ஆனால் செடி வகை இரும்பு உடம்பில் எளிதாகச் சேராது, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் சேராமல் போகும், ஒரு மணி நேரம் தள்ளுங்கள். பயிற்சி கூடியதும் மாதவிலக்கு நின்றுபோனால் சந்தோஷப்படாதீர்கள். பெரும்பாலும் ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பிடவில்லை என்று அர்த்தம், எலும்புக்கும் கேடு. உடனே டாக்டரைப் பாருங்கள்.

ஷூ விஷயம். முதல் போட்டிக்காக ஸ்பைக்ஸ் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. அடியில் கட்டை கட்டையாகப் பிடிப்புள்ள ட்ரெயில் ஷூ இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தேயாத பழைய ரோட்டு ஷூ போதும். அணியில் யாராவது ஸ்பைக்ஸ் கடன் கொடுத்தால், குறைந்தது நான்கு பயிற்சியில் போட்டுப் பார்த்த பிறகே போட்டிக்குப் போடுங்கள். காய்ந்த தரைக்கு 6 மி.மீ. ஆணி, சேற்றுக்கு 9 அல்லது 12. எதைப் போட்டாலும் கயிற்றை இரட்டை முடிச்சுப் போட்டு, மேலே ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். சேறு ஷூவை அப்படியே உருவிக்கொள்ளும். வெறுங்கால் கேட்டீர்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்து பிரிட்டனுக்காக ஓடிய ஸோலா பட் 1985இல் உலக கிராஸ் கன்ட்ரிப் பட்டத்தை வெறுங்காலிலேயே வென்றார், அது உண்மை. ஆனால் நம் ஊர் வளாகத்தில் புல்லுக்குள் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் பாட்டில் துண்டும் கிடக்கும். சிறு வயதிலிருந்து வெறுங்காலில் ஓடி வளர்ந்தவருக்கே அது ஆபத்து, உங்களுக்கு வேண்டாம்.

வெயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரி கடும் வெயிலில் நடந்தது. கிளம்பிய 38 பேரில் 15 பேர்தான் முடித்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி வென்றார், ஆனால் அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியே இல்லை. 2007இல் உலகப் போட்டி கென்யாவின் மொம்பாசாவில் நடந்தது, நம்மைப் போலவே கடலோரப் புழுக்கம் உள்ள ஊர். தொடர்ந்து ஐந்து ஆண்டு பட்டம் வென்றிருந்த எத்தியோப்பியாவின் கெனனிசா பெக்கலேயே அன்று முடிக்காமல் விலகினார். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது, உடம்பு குளிராது. ஜனவரி விடியலில் சென்னை இதமாகத்தான் இருக்கும். ஆனால் போட்டி அறிவித்த நேரத்தில் தொடங்காமல் ஒன்பது மணியைத் தாண்டுவது சகஜம். தாமதம் ஆனால் நிழலில் உட்காருங்கள், உப்பு போட்ட நீர்மோரை மடக்கு மடக்காகக் குடியுங்கள், கிளம்பும் முன் தலையை நனையுங்கள். ஓடும்போது வெயிலில் குளிர் எடுத்து மயிர்க்கூச்செறிந்தால், தள்ளாடினால், எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பது குழம்பினால், அங்கேயே நின்றுவிடுங்கள். அணியில் வேறு யாருக்காவது அப்படி ஆனால் முதலில் ஐஸ் தண்ணீரால் உடம்பு முழுக்கக் குளிர வையுங்கள், கூடவே 108ஐ அழையுங்கள்.

போட்டியன்று குறைந்தது இரண்டரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியும் ஒரு வாழைப்பழமும். சாம்பார், புதுசாக எதுவும் வேண்டாம். முடிந்தால் முதல் நாளே சுற்றை ஒருமுறை நடந்து பாருங்கள். பாதை எங்கே குறுகுகிறது, சேற்றில் எந்தப் பக்கம் கெட்டி, கடைசித் திருப்பத்திலிருந்து கோடு வரை எத்தனை தூரம் என்ற மூன்றையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மார்பு எண்ணை நான்கு மூலையிலும் ஊக்குப் போட்டுக் குத்துங்கள், இரண்டு ஊக்கு சேற்றில் பிய்ந்துவிடும்.

தொடக்கத்தில் அகலமான கோட்டில் எல்லோரும் நிற்பார்கள், சத்தம் கேட்டதும் குறுகும் இடத்தை நோக்கிப் பாய்வார்கள். அதனால் இருபது நிமிட மெது ஓட்டத்தோடு எண்பது மீட்டர் வேக ஓட்டம் நாலைந்தும் முடித்துவிட்டு வாருங்கள். முதல் 200 மீட்டரை உங்கள் இயல்பைவிடச் சற்று வேகமாக ஓடி நடுக்கூட்டத்துக்குப் போய்விடுங்கள். மிகவும் பின்தங்கினால் குறுகும் இடத்தில் நடக்கத்தான் வேண்டும். முழு வேகத்தில் பறந்தால் மூன்றாவது சுற்றில் வேர்த்து நிற்பீர்கள். முழங்கை இடிக்கும், அது கோபமல்ல, நெரிசல். இரண்டாவது சுற்றில் மூச்சைச் சரிசெய்துகொண்டு, மூன்றாவதிலிருந்து முன்னால் தெரியும் ஒரு முதுகைத் தேர்ந்தெடுங்கள். அதைத் தாண்டியதும் அடுத்தது. நான்காவது சுற்றில்தான் எல்லோருக்கும் மனம் சோரும், அங்கேதான் இடங்கள் மலிவாகக் கிடைக்கும். கோட்டைத் தாண்டியதும் நிற்காமல், கயிறு கட்டிய வழியில் வந்த வரிசை மாறாமல் நடங்கள். அங்கே முண்டினால் உங்கள் இடத்தை வேறொருவர் பெயரில் எழுதிவிடுவார்கள்.

உலகப் போட்டியில் பெண்களுக்கும் ஆண்களைப் போலவே 10 கி.மீ. என்று ஆனது 2017இல் உகாண்டாவின் கம்பாலாவில்தான். அதே தூரத்தை நீங்கள் இரண்டாம் ஆண்டிலேயே ஓடப் போகிறீர்கள் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

முடிந்ததும் பத்து நிமிடம் நடந்துவிட்டு, ஈர சாக்ஸைக் கழற்றி, காலை நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆணியோ முள்ளோ கிழித்திருந்தால் டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்று வீட்டில் கேட்டு, தேவைப்பட்டால் அன்றே போட்டுக்கொள்ளுங்கள். சேற்றுத் தண்ணீரில் ஓடிய இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், ஓடிய வலி என்று விட்டுவிடாமல், இப்படி ஒரு போட்டியில் ஓடினேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும்.