ஜாங்கீஃபை விட்டுவிட வேண்டாம்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை வீடியோ கேமில் மல்யுத்த வீரன் ஜாங்கீஃபை எடுத்தேன், அவன் எதிரியைப் பிடித்துச் சுழற்றி அடிக்க ஜாய்ஸ்டிக் குச்சியை முழுவட்டம் சுற்றினால் ஆள் எகிறிக் குதிக்கிறான், மணிக்கட்டும் வலிக்கிறது, எளிதான ஆளுக்கு மாறட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற வேண்டாம்.

முதலில் ஆட்டத்தின் கன்ட்ரோலை மாடர்ன் என்ற எளிய முறைக்கு மாற்றிப் பாருங்கள். குச்சியைச் சுற்றாமல் குறுக்குவழியாகப் பட்டனை அழுத்தினால் போதும். பிடித்துச் சுழற்றி அடித்துவிடுவான். குறுக்குவழியில் போட்டால் அடியின் வலு 20 சதவீதம் குறையும், சாதாரண அடிகள் சிலவும் கிடைக்காது. ஆனால் அதே மாடர்னில் கையால் சுற்றிப் போட்டால் முழு வலுவும் உண்டு. பெரிய போட்டிகளிலும் இதற்குத் தடை இல்லை, "ஏமாற்று" என்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள்.

சுற்றித்தான் போடுவேன் என்றால், நின்றபடி சுற்றாதீர்கள். குதித்து இறங்கும்போதோ வேறோர் அடி போட்டு அது முடிவதற்குள்ளோ சுற்றிவிட்டு, முடியும் நேரத்தில் பஞ்ச் அழுத்துங்கள். அப்போது மேல்திசை பட்டாலும் குதிக்க வழியில்லை. முழுவட்டமும் தேவையில்லை, முன், கீழ், பின், மேல் என முக்கால் சுற்று போதும்.

2023-இல் 18 வீரர்களோடு வந்த ஆட்டம் இது, மாற ஆள் உண்டுதான். ஆனால் எளிது என்று இன்னொருவரை எடுத்தால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. வலி நிற்கவில்லை என்றால் மட்டும் குச்சியை விட்டு, எல்லாமே பட்டனாக உள்ள கன்ட்ரோலரை முயன்று பாருங்கள்.